கொஞ்சம் மஞ்சளைக் குறை

— இன்னும் குறை.

— இதுக்கு மேல குறைச்சா மாப்பிள்ளை நீலமாயிடுவாரு, ஆன்ட்டி.

— ஆகட்டும். யதீசன் லட்சணமான புள்ள, நீலத்துலயும் எடுப்பாத்தான் இருப்பாரு. நீ குறை.

— பாருங்க. வேட்டி நீலம். உங்க சம்பந்தியம்மா பல்லு நீலம். திவ்யாவைப் பாருங்க, சீரியஸ்லி, ரெண்டு நாள் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு எடுத்த மாதிரி இருக்கா.

— ஐயே! கல்யாணப் பொண்ணைப் போயி என்னா பேச்சு பேசுற! வாயைக் கழுவு, அஃப்னா.

— நான் எங்க பேசினேன், நீங்க கேட்ட கலர் அப்படி இருக்கு. குரூப் போட்டோவுல இருவது பேரும் நீலமா நிக்கிறாங்க. உங்க கண்ணு மட்டும் இப்பவும் மஞ்சளாத்தான் இருக்கு.

— அதான் உன் கேமராவோட லட்சணம். எத்தனை வருஷமா பஃபலோ ரோட்ல பார்லர் வச்சிருக்கேன்? ரத்தினம்மா மேக்கப் போட்ட பொண்ணை எவன் எடுத்தாலும் நல்லா வருவான்னு தேக்கா பூரா சொல்லும், சிங்கப்பூரே சொல்லும். நீ என்னடான்னா ரத்தினம்மாவையே கெடுத்து வச்சிருக்க.

— ஆன்ட்டி, நம்ம சேந்து எத்தனை கல்யாணம் பண்ணியிருக்கோம்? நீங்க மேக்கப், நான் கேமரா. ஒரு நாளாவது என் கலர் தப்புன்னு சொல்லியிருக்கீங்களா?

— ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லியிருக்கேன்.

— ஃபவுண்டேஷன் தெரியுதுன்னு சண்டை போட்டிருக்கீங்க. ஃபிளாஷ் அதிகம்னு சண்டை போட்டிருக்கீங்க. கலர் தப்புன்னு சொன்னதே இல்ல.

— இப்ப சொல்றேன், எழுதி வச்சுக்க. கலர் தப்பு. ஞாயித்துக்கிழமை நலங்கு, இன்னைக்கு செவ்வாய். சாயங்காலம் சம்பந்தி வீட்ல எல்லாரும் என் வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. நலங்குப் படத்தை டிவியில போட்டுக் காட்டணும்னு அந்த சிவமணியம்மா ஆசையாக் கேட்டிருக்காங்க. எங்க வீட்டு டிவி எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியும்ல? அதுல என் கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? அதான் பார்லரைச் சாத்திட்டு உன் மாடிப்படி ஏறி வந்திருக்கேன். மூச்சு வாங்குது. மஞ்சளைக் குறைன்னா குறைக்க வேண்டியதுதானே, என்னா பெரிய வித்தை?

— லைட்டு போட்ட மஞ்சளை என்னால குறைக்க முடியும். குறைச்சுட்டேன், ஆன்ட்டி. மிச்சம் இருக்கிறது லைட்டோடது இல்ல.

— பின்ன யாரோடது? எல்லாம் அந்த ஹாலு லைட்டு. பாசிர் ரிஸ்ல வேற எடமே கிடைக்கலையான்னு அன்னைக்கே சொன்னேன்.

— ஹாலு கஷ்டமான ஹாலுதான், ஒத்துக்கிறேன். மேல பழைய ட்யூப் லைட்டு, அது பச்சையா அடிக்கும். மேடையச் சுத்தி மஞ்ச பல்பு. ஒரு பக்கம் வாசல் திறந்து கிடக்கு, அங்கேருந்து வெயிலு. மூணும் மூணு கலர். ஒரே ஆளோட இடது கன்னம் ஒரு கலர்ல, வலது கன்னம் ஒரு கலர்ல இருக்கும். அதுக்குத்தான் நான் அந்தச் சாம்பல் அட்டையை வச்சுக்கிட்டு அலைஞ்சேன்.

— ஆமாமா, பெரிய அட்டை. ஆரத்தி தட்டைப் பிடிக்க வேண்டியவளை எல்லாம் அட்டையைப் பிடிக்க வச்ச.

— அந்த அட்டை நிஜத்துல சாம்பல். படத்துல மஞ்சளாத் தெரிஞ்சா, லைட்டு அவ்வளவு மஞ்சளை ஊத்தியிருக்குன்னு அர்த்தம். அந்த அளவை மட்டும் கழிச்சுட்டா அட்டை மறுபடி சாம்பலாயிடும். மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க சொந்தக் கலருக்கு வந்துடுவாங்க.

— என்கிட்டயேவா? எனக்கே கலர் பாடம் எடுக்குறியா? நீ பால் குடிச்சிக்கிட்டு இருந்தப்ப நான் மூஞ்சியப் பாத்தே சொல்வேன், இவளுக்குப் பொன் நிறம் ஒத்து வருமா, ரோஸ் ஒத்து வருமான்னு.

— தெரியும். அதனாலதான் கேக்குறேன். உங்களுக்குத் தெரியாத கலரா? இந்தப் படத்துல உங்களுக்குப் பக்கத்துல சிவமணி ஆன்ட்டி நிக்கிறாங்க. தோளோட தோள். அவங்க மேல விழுற லைட்டுதான் உங்க மேலயும் விழுது. அவங்க கண்ணு வெள்ளையா இருக்கு.

— அவங்க நிக்கிற எடத்துல வெயிலு பட்டிருக்கும்.

— சரி. காப்பி பாய்லரைச் சொருகினதும் மேடை லைட்டு பூரா அணைஞ்சு போச்சே, அது ஞாபகம் இருக்கா? நீங்க கூடக் கத்தினீங்க.

— கத்தாம கொஞ்சுவாங்களா? டெக்கரேஷன் பண்றவன் பாய்லருக்கும் பல்புக்கும் ஒரே ஒயர்ல இழுத்து வச்சிருக்கான்.

— அப்ப எல்லாரையும் வாசப்பக்கம் கூட்டிட்டுப் போயி எடுத்தேன். வெறும் பகல் வெளிச்சம். பல்பும் இல்ல, ட்யூபும் இல்ல. இதான் அந்தப் படம். கொஞ்சம் பெருசாக்குறேன். பாருங்க.

— மூடு அதை.

— ஆன்ட்டி...

— மூடுன்னு சொன்னேன்.

— மூடியாச்சு. தண்ணி தரட்டுமா?

— ஒண்ணும் வேணாம். இந்தாம்மா, ஒரே பேச்சு. எல்லாரையும் நீலமாக்க வேணாம். என் கண்ணை மட்டும் தனியா வெட்டி வெள்ளையாக்கு. அது முடியும்ல? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத. நீ அதைச் செய்யிறதை இதே நாற்காலியில உக்காந்து பாத்திருக்கேன்.

— முடியும். ரெண்டு நிமிஷ வேலை.

— அப்பாடா! இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. செய்யி.

— செய்ய மாட்டேன்.

— என்னாது?

— செய்ய மாட்டேன் ஆன்ட்டி. சாரி.

— பொண்ணுங்க மூஞ்சியில இருக்குற பருவை அழிக்கிறல்ல? தழும்பை அழிக்கிறல்ல? போன மாசம் ஒரு மாப்பிள்ளைக்குத் தொப்பையையே பாதி வெட்டி எறிஞ்ச. அதுக்கெல்லாம் கை ஓடுது. ரத்தினம்மா கண்ணுன்னா மட்டும் உனக்கு நேர்மை பொத்துக்கிட்டு வருதோ?

— பரு ஒரு வாரத்துல தானாப் போயிடும். தொப்பை அவரு பிரச்சனை. இது அப்படி இல்ல, உங்களுக்கே தெரியும்.

— எனக்கு ஒண்ணும் தெரியாது.

— எப்ப இருந்து இப்படி இருக்கு?

— எப்படி இருக்கு? நல்லா இருக்கேன். கல் மாதிரி இருக்கேன்.

— ஏன் எந்நேரமும் முழுக்கை சட்டை போடுறீங்க? இந்த வெக்கையில?

— ஸ்டைலு.

— கையச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க. வந்ததுலேருந்து பாக்குறேன்.

— கொசு.

— ஆன்ட்டி, ப்ளீஸ் லா. எனக்குப் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போயி இந்தப் படத்தைத் திறந்தேன். மொதல்ல என் கேமராதான் கெட்டுப் போச்சுன்னு நெனைச்சேன். அப்புறம் வேற ஏதாவது தப்புப் பண்ணிட்டேனான்னு ஒண்ணொண்ணாப் பாத்தேன். கேமராவுல தப்பு இல்ல. அப்படியே உக்காந்து அழுதேன்.

— அழுதியா? எதுக்கு?

— எதுக்குன்னா? உங்களை எனக்குப் பிடிக்கும், அதுக்குத்தான்.

— ...சரி, சரி. மூக்கைத் துடை. இந்தா, டிஷ்யூ. உன் டிஷ்யூதான்.

— சொல்லுங்க. எப்ப இருந்து?

— நோன்புப் பெருநாள் கடையெல்லாம் போட்டிருந்தாங்கள்ல, அப்ப ஒரு தடவை வயித்துல புடிச்சுது. கேஸுன்னு நெனைச்சேன். அப்புறம் சாப்பாடு எறங்கல. அப்புறம் ஒண்ணுக்குப் போனா தே-ஓ மாதிரி, பால் ஊத்தாத டீ இருக்கும்ல, அந்தக் கலரு. ஒரு நாள் பார்லர்ல ஒரு பொண்ணுக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருக்கேன், எதிர்க்கக் கண்ணாடி. என்னையே பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. கலரு பாக்குறவளுக்கு எவன் வந்து சொல்லணும்?

— அப்பவே தெரியுமா?

— தெரியாமலா? முகத்துக்கு ஊதா கரெக்டர் போட்டேன். மஞ்சளை ஊதா தின்னுடும், அது இந்தத் தொழில்ல மொத பாடம். அதுக்கு மேல ஃபவுண்டேஷன். கழுத்துக்கும் போட்டேன், காதுக்குப் பின்னாடியும் போட்டேன். இப்பவும் போட்டிருக்கேன். நீயே சொல்லு, இத்தனை நேரம் ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்க, முகத்துல ஏதாவது கண்டுபிடிச்சியா?

— இல்ல. முகத்துல ஒண்ணுமே தெரியல.

— தெரியாது. எவளாலயும் முடியாது. கையி காலுக்கு சட்டை இருக்கு, சேலை இருக்கு. இந்தக் கண்ணு முழிக்குத்தான் எவனும் இன்னும் ஃபவுண்டேஷன் கண்டுபிடிக்கல. அதான் யோசிச்சேன். ஒருத்தி மட்டும் மஞ்சளா இருந்தாத்தானே தெரியும்? ஊரே மஞ்சளா இருந்தா?

— ஆன்ட்டி... அப்ப நலங்கு?

— நலங்கை யாரு வைக்கச் சொன்னா? நான். சம்பந்தி வீட்டுக்காரங்க யாழ்ப்பாணம், அவங்க வழக்கம் வேற. "எங்கட பக்கம் இப்பிடிச் செய்யிறேல்ல"ன்னு அந்த அம்மா சொல்லிப் பாத்தாங்க. நான் விட்டேனா? ரெண்டு வீடும் சேந்து வச்சே ஆகணும்னு நின்னேன். எல்லாருக்கும் மஞ்ச சேலை, யாரு முடிவு? நான். பின்னாடி மஞ்சத் துணி, மஞ்ச சாமந்தி, அந்த மஞ்ச பல்பு, எல்லாம் நான். வர்றவங்க போறவங்க கையில எல்லாம் மஞ்சக் கிண்ணத்தைக் குடுத்து, பொண்ணுக்கு மட்டும் இல்ல, எனக்கும் பூசுங்கன்னு கன்னத்தைக் காட்டினேன். ஹாலே ஒரே மஞ்சள். அந்த நடுவுல நான் நின்னேன், எல்லாரையும் போல. எத்தனை நாளைக்கப்புறம் நிம்மதியா சிரிச்சேன் தெரியுமா? நீ ஒருத்தி ஒரு அட்டையைத் தூக்கிக்கிட்டு வந்து எல்லாரோட மஞ்சளையும் கழுவி விட்டுட்டு, என்னோடதை மட்டும் விட்டு வச்சிருக்க.

— அலாமாக்... இதுக்காகவா இவ்வளவும்?

— என்னா அலாமாக்? நல்ல ஐடியா இல்லையா?

— நல்ல ஐடியாதான். பைத்தியக்கார ஐடியா. டாக்டர்கிட்டப் போயிருந்தா இந்நேரம் மருந்து குடுத்திருப்பாங்க.

— போவேன். நானே போவேன். தாலி ஏறின மறுநாள் காலையில யாரும் சொல்லாமலே கிளம்பிப் போயி படுத்துக்குவேன். என்னா வேணா வெட்டட்டும், என்னா வேணா குத்தட்டும். இன்னும் ரெண்டு வாரம்தானே?

— ரெண்டு வாரத்துல என்ன வேணா ஆகலாம்.

— ஆகட்டும். அவளுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

— ஏன்?

— ஏன்னு கேக்குறியா? என் பொண்ணு திவ்யதர்ஷினி யாருன்னு உனக்குத் தெரியாது. அவ அப்பா அழகப்பன் படுத்தப்ப அவ யூனிவர்சிட்டியில ரெண்டாவது வருஷம். சொல்லாமக் கொள்ளாம படிப்பை விட்டு நின்னுட்டா. நான் கத்தினேன், அழுதேன், அடிக்கக்கூடப் போனேன். கேக்கல. கூட்டிட்டுப் போறது, கூட்டிட்டு வர்றது, கழுவி விடுறது எல்லாம் அவதான். அப்பவே யதீசன் வீட்ல பேசி வச்சிருந்தாங்க. அதையும் தள்ளிப் போட்டா. அந்தப் புள்ள பாவம், வாயத் திறக்காம காத்துக் கெடந்துச்சு. அவ அப்பா போனதுக்கப்புறம் இவ வேலைக்குச் சேந்து, மறுபடி பேச்செடுத்து, இப்பத்தான் ஒரு நாள் குறிச்சிருக்கு. எனக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சா நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டு என் கட்டில்கிட்ட வந்து உக்காந்துக்குவா. அப்பனுக்கு ஒரு தடவை நிறுத்தினா. எனக்காக ஒரு தடவை நிறுத்த நான் விட மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன்.

— செத்தா எப்படி ஆன்ட்டி கல்யாணத்துல நிப்பீங்க?

— வாயை மூடு. உன்னை யாரு கேட்டா? நீ கண்ணை வெள்ளையாக்கு.

— மாட்டேன்.

— இனிமே என் பார்லர்லருந்து ஒரு பொண்ணு உன்கிட்ட வர மாட்டா. யாராவது போட்டோவுக்கு ஆள் கேட்டா உன் பேரைச் சொல்ல மாட்டேன்.

— சொல்லாதீங்க.

— மெரட்டுறேன்னு நெனைக்காத. நெஜமாவே செய்வேன்.

— தெரியும். நீங்க சொன்னா செய்வீங்க. அனுப்பாதீங்க ஆன்ட்டி, நான் எப்படியாச்சும் பொழைச்சுக்குவேன். உங்க கண்ணை மட்டும் வெள்ளையாக்க மாட்டேன். நான் வெள்ளையாக்கிக் குடுத்து, நீங்க அதை டிவியில போட்டு, எல்லாரும் பாத்து நல்லா இருக்காங்கன்னு சொல்லி, அப்புறம் உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? நான் எப்படி மறுபடி ஒரு கேமராவைத் தொடுவேன்?

— பேசுறா பாரு பேச்சு. வக்கீலு தோத்தான்.

— ஒண்ணு கேக்கட்டுமா? வீட்ல பல்பு எல்லாத்தையும் மாத்தினீங்களா?

— என்னா பல்பு?

— ஹால், கிச்சன், பாத்ரூம். வெள்ளை பல்பு எல்லாத்தையும் கழட்டிட்டு மஞ்ச பல்பு போட்டீங்களாமே.

— ...அது கண்ணுக்குக் குளிர்ச்சின்னு போட்டேன். உனக்கு யாரு சொன்னா?

— ஆன்ட்டி, கோவப்படாதீங்க.

— யாரு சொன்னான்னு கேக்குறேன்.

— திவ்யா.

— அவ எதுக்கு உன்கிட்ட பல்பைப் பத்திப் பேசணும்?

— நலங்குக்கு முன்னாடி ஒரு நாள் இங்க வந்தா. "அம்மா கண்ணு மஞ்சளா இருக்கிற மாதிரி இருக்கு, கேட்டா பல்புங்கிறாங்க, எனக்குத் தெரிய மாட்டேங்குது"ன்னு சொன்னா. "நீ கரெக்டா கலர் எடுக்கிறவ. அம்மா எங்க நின்னாலும் பக்கத்துல அட்டையை வச்சு எடு. லைட்டா, அம்மாவான்னு எனக்குச் சொல்லு"ன்னா.

— அப்ப நீ...

— ஞாயித்துக்கிழமை ராத்திரியே அவளுக்கு அனுப்பிட்டேன். எதையும் மாத்தாம.

— அட பாவி! ஒண்ணா சோறு தின்னவளே! இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டு, நீலமாக்குறேன் பச்சையாக்குறேன்னு விளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்தியா?

— நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். அப்புறம்... அவ வர்ற வரைக்கும் உங்களை இங்க உக்கார வைக்கணும்.

— வர்றாளா? எங்க வர்றா? நலங்கு வச்ச பொண்ணு வாசலைத் தாண்டக் கூடாது!

— தாண்டிட்டேன்ம்மா. படியேறியும் வந்துட்டேன்.

— ஏய்! போ, வீட்டுக்குப் போ! கையில மஞ்சக் கயிறோட தேக்காவுல சுத்துற, நாலு பேரு பாத்தா என்னா சொல்வாங்க!

— நாலு பேரு பாத்தாச்சு. பூக்கடைக்காரர் கூட விசாரிச்சாரு. உக்காருங்கம்மா.

— உக்கார மாட்டேன்.

— சரி, நில்லுங்க. என்னைப் பாத்ததும் மாட்டின கூலிங் கிளாஸைக் கழட்டுங்க. ஜன்னல் பக்கம் திரும்புங்க.

— உனக்கு நான் அம்மாவா, இல்ல எனக்கு நீ அம்மாவா?

— திரும்புங்கம்மா. ப்ளீஸ்.

— ...பாத்தாச்சா? போதுமா?

— ஏம்மா? ஏன் என்கிட்டச் சொல்லல? ஒரு மாசமா நான் வீட்ல என் கண்ணையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். கிச்சன்ல பாத்தா மஞ்ச லைட்டு. பாத்ரூம்ல பாத்தா மஞ்ச லைட்டு. லிஃப்ட்ல பாக்கலாம்னா உடனே கூலிங் கிளாஸ் மாட்டிக்கிறீங்க. லிஃப்ட்ல யாரும்மா கூலிங் கிளாஸ் போடுவாங்க?

— ஸ்டைலு.

— எனக்கு எவ்வளவு கோவம் வருது தெரியுமா? என்னை நம்பவே இல்லல்ல நீங்க?

— நம்பினதாலதான்டி சொல்லல. நீ என்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். சொல்லு, நிறுத்திட்டல்ல? கல்யாணத்தை நிறுத்திட்டேன்னு சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்த? சொல்லித் தொலை. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நீ நிறுத்தினா நான் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன். தூக்கிட்டுப் போனாலும் குதிச்சு ஓடி வந்துடுவேன். இது உங்கப்பா மேல சத்தியம்.

— நிறுத்தல.

— பொய்.

— நிறுத்தலம்மா. முன்னாடி கொண்டு வந்துட்டேன்.

— எதை?

— முகூர்த்தத்தை. வெள்ளிக்கிழமை காலையில. கேலாங் சிவன் கோயில்.

— எந்த வெள்ளிக்கிழமை?

— வர்ற வெள்ளிக்கிழமை.

— அஃப்னா, இவளுக்கு என்னா ஆச்சுன்னு கேளு. மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை குடுத்து, ஊரையே கூப்பிட்டு வச்சிருக்கு...

— அது அந்தத் தேதியில விருந்தா நடக்கட்டும். தாலி மட்டும் வெள்ளிக்கிழமை. ரிஜிஸ்டர் ஏற்கனவே பண்ணியாச்சு, கோயில்ல நேரம் குடுத்துட்டாங்க, ஐயரும் நல்ல நாள்னு சொல்லிட்டாரு.

— யாரைக் கேட்டு மாத்தின?

— நீங்க யாரைக் கேட்டு மறைச்சீங்க?

— திமிரு! அப்படியே உங்கப்பன் திமிரு.

— அப்பா பாவம், அவருக்கு ஏது திமிரு? இது உங்களோடது.

— சம்பந்தி வீட்ல என்னா நெனைப்பாங்க? வியாதிக்காரி வீட்ல பொண்ணு எடுக்குறோம்னு...

— சிவமணி ஆன்ட்டி நலங்கு அன்னைக்கே என்னைத் தனியாக் கூப்பிட்டு, "உன்ர அம்மான்ர கண்ணைப் பாத்தனியோ, பிள்ளை? நாள் கடத்தாத"ன்னு சொன்னாங்க. கோயிலுக்கு போன் பண்ணினதே அவங்கதான். இன்னைக்குச் சாப்பாடு வேணாம், முதல்ல ஆஸ்பத்திரின்னும் சொல்லிட்டாங்க.

— அந்த அம்மாவுமா? அவ்வளவு மஞ்சள்லயுமா?

— அவ்வளவு மஞ்சள்லயும்தான். உங்களைத்தானேம்மா எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு டாக்டரைப் பாக்கணும், சொல்லி வச்சாச்சு. யதீசன் கீழ நிக்கிறாரு. வாங்க.

— வர மாட்டேன். போனா படுக்க வச்சிடுவாங்க. டியூபைச் சொருகிடுவாங்க. வெள்ளிக்கிழமை விட மாட்டாங்க. உங்கப்பாவை "சும்மா ஒரு டெஸ்ட்"டுன்னுதான் கூட்டிட்டுப் போனோம், எப்ப திரும்பி வந்தாரு? நான் சனிக்கிழமை வர்றேன். தாலி ஏறட்டும், அட்சதை போட்டுட்டு வர்றேன்.

— இன்னைக்கு வரணும்.

— விட மாட்டாங்கடி! என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதை நான் பாக்கணும். எனக்கு வேற என்னா இருக்கு? அதை ஏன் யாருமே புரிஞ்சுக்க மாட்டேங்குறீங்க?

— பாப்பீங்க. அவங்க விடலைன்னா நாங்க அங்க வர்றோம்.

— எங்க?

— வார்டுக்கு. உங்க கட்டில் பக்கத்துல நின்னு கட்டிக்கிறோம். நாதஸ்வரம் இருக்காது, ஓமம் இருக்காது, விளக்கு ஏத்த விட மாட்டாங்க. பரவால்ல. யதீசன்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. நீங்க இல்லாத எடத்துல நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.

— ஆன்ட்டி, நான் வந்து எடுப்பேன். என்ன லைட்டா இருந்தாலும்.

— நீ பேசாத! வார்டுலயாம், தாலியாம். ஸ்டாண்டுல பாட்டில் தொங்கும், பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருமிக்கிட்டு இருப்பாரு, நடுவுல இவ பட்டுச் சேலையோட நிப்பாளாம். யாரு பொண்ணு? ரத்தினம்மா பொண்ணு! இந்த ஊர்ல இருக்குற பொண்ணுங்களை எல்லாம் ஜோடிச்சு மணவறைக்கு அனுப்பினவளோட பொண்ணு! அந்த டெட்டால் வாசத்துலயா உனக்குத் தாலி ஏறணும்?

— ஏறும். நான் சொன்னா செய்வேன்னு உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்டி. தெரியாமலா ஒளிச்சேன்?

— அம்மா, அழாதீங்க.

— யாரு அழுறா? கண்ணு அரிக்குது. அந்தப் பையை எடு. எதுக்கு மூணு மணி வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும், இப்பவே போவோம், மாப்பிள்ளையை டாக்ஸிய நிப்பாட்டச் சொல்லு. வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாதுன்னு எந்த டாக்டராவது சொல்லட்டும், அவரையும் இழுத்துக்கிட்டுத்தான் நான் கோயிலுக்கு வருவேன்.